இரண்டு பேருக்கும்

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. விவரம் தெரிந்து, மனந்திரும்பி, தானாக வாயைத் திறந்து கேட்கிற ஆளைத்தான் தண்ணீரில் முழுக்க வேண்டும் என்கிற சபை எங்களுடையது. அந்தச் சபைக்கு என் சொந்த அண்ணன்தான் பாஸ்டர். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் குறைமாதத்தில் பிறந்த இரட்டைக் குழந்தைகளுக்கு என் கையால் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கு நான்தான் பொறுப்பு. முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பட்டாசு சிஸ்டர்' என்பார்கள். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். கை கழுவாமல் உள்ளே கால் வைத்தால் டாக்டர் என்றும் பார்க்க மாட்டேன், பெற்ற தகப்பன் என்றும் பார்க்க மாட்டேன். ஒரு கிலோகூட இல்லாத உயிர்கள் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கின்றன. அவற்றுக்காகக் கத்த நான் ஒருத்தியாவது வேண்டாமா?

அந்தப் பெண்ணை அன்று சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆபரேஷன் செய்த வயிறு, கையில் ட்ரிப்ஸ். பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில் அவளுடைய இரண்டு பெண் குழந்தைகள். பெரியவள் கொஞ்சம் தேவலை. சின்னவளுக்கு நாங்கள் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது. இனி அம்மா பக்கத்தில் இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெளியே போனார். புருஷன்காரன் அவர்கள் கோயில் ஃபாதரைக் கூட்டி வரப் போயிருந்தான். வெளியே கொட்டு கொட்டென்று மழை, பாலத்தில் வண்டி நகரவில்லை என்று போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் கழுத்தில் கிடந்த சின்னச் சிலுவையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"சிஸ்டர், நீங்களும் கிறிஸ்தவங்கதானே? ஃபாதர் வர முடியலைன்னா யார் வேணா ஞானஸ்நானம் கொடுக்கலாம்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. நீங்க கொடுப்பீங்களா?"

ஒரு ஜெபம் பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் ஜெபம் கேட்கவில்லை. தண்ணீர் கேட்பவளிடம் விசிறியை நீட்டலாமா? எங்கள் சபை வேறு, நாங்கள் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை என்பதை மட்டும் சொன்னேன். பரவாயில்லை, எங்கள் கோயிலில் எப்படிக் கொடுப்பார்களோ அப்படிக் கொடுங்கள் என்றாள். யாருக்கு என்று கேட்டேன். இரண்டு பேருக்கும் என்றாள்.

பஞ்சை நனைத்துத் தொட்டு வைத்தால் போதுமா என்றேன். தண்ணீர் தலையில் ஓட வேண்டும் என்றாள். ஊசி மருந்து கலக்க வைத்திருக்கும் சுத்தத் தண்ணீர்க் குப்பியின் கழுத்தை உடைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் இழுத்து, கைக்குள் பொத்தி வைத்துச் சூடாக்கினேன். சில்லென்று ஒரு சொட்டு பட்டால்கூட அந்த உடம்பு தாங்காது. பெட்டியின் பக்கவாட்டு ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் குழந்தையின் தொப்பியை விலக்கினேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்பதில் எங்கள் சபையில் 'குமாரன்' என்போம், அவள் 'சுதன்' என்று சொல்லிக் கொடுத்தாள். நானும் சுதன் என்றே சொன்னேன். பெயரைச் சொல்லி மூன்று முறை ஊற்றினேன், நெற்றியிலிருந்து காது வரை ஓடியது. அடுத்த பெட்டிக்குப் போய் அதையே செய்தேன். குழந்தைக்கு நரம்பு தேடும்போது எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேனோ அப்படித்தான் நின்றேன்.

அன்று சாயங்காலம் சின்னவள் அம்மா மடியிலேயே போய்விட்டாள். ஃபாதர் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தும் எனக்கு அது பழகவில்லை, பழகவும் வேண்டாம்.

இந்த விஷயம் அந்த வார்டோடு போயிருக்க வேண்டியது. போகவிடாமல் பண்ணியது எங்கள் வார்டு ஆயாம்மா. அவளும் எங்கள் சபைதான், தங்கமான மனசு, வாய்க்கு மட்டும் பூட்டு கிடையாது. எங்கள் ஆராதனையில் பிரசங்கத்துக்கு முன்னால் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. கர்த்தர் அந்த வாரம் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஆயாம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மைக்கை வாங்கினாள். பாஸ்டர் தங்கச்சி கையால் இரண்டு பச்சைப் பிள்ளைகள் ஞானஸ்நானம் பெற்றார்கள், நான் கண்ணாரக் கண்டேன், ஸ்தோத்திரம் என்றாள். என்னைப் பெருமைப்படுத்துவதாகத்தான் நினைத்தாள், பாவம். பாதி சபை பழக்க தோஷத்தில் "ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்து நடுவிலேயே விழுங்கியது. மேடையில் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பாட்டு நடத்துகிறவள் என்பதால் நானும் மேடையில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஓடி ஒளிய ஒரு தூண்கூட இல்லை.

வீட்டில் அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அண்ணி தட்டை வைத்துவிட்டு, இன்று இரண்டு பேரும் சாப்பிட்ட மாதிரிதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அண்ணன் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நம்பாத ஒன்றை நம்புகிற மாதிரி செய்வது பொய் இல்லையா என்றார்.

"நான் நம்பறதை அவளுக்குக் கொடுக்கலண்ணா. அவ நம்பறதை அவளுக்குக் கொடுத்தேன். அதுல பொய் எங்க இருக்கு?"

வக்கீல் மாதிரி பேசாதே என்றார். பாஸ்டர் வீட்டில் வளர்ந்தால் வேறு எப்படிப் பேசுவதாம் என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டது மீசையில் தெரிந்தது, ஆனால் மனிதர் இறங்கி வரவில்லை.

சபை மூப்பர்கள் கூடிப் பேசி ஒரு வழி சொன்னார்கள். அடுத்து வருகிற ஒரு ஞாயிறு நான் சபை முன்னால் எழுந்து, அது ஞானஸ்நானமே இல்லை, நோயாளிக்கு ஆறுதலாகச் செய்த ஒன்று, அவ்வளவுதான் என்று சொல்லிவிட வேண்டும். சொல்கிற வரைக்கும் பாட்டு நடத்தக் கூடாது. சொல்லிவிட்டுப் போயேன், ஒரு வரிதானே என்றாள் அண்ணி. ஒரு வரிதான். ஆனால் அது உண்மையில்லாத வரி. வாரா வாரம் நான் கீழே பாயில் உட்கார்ந்தேன். மேலே வேறொரு பெண் சுருதி இல்லாமல் பாட, பல்லைக் கடித்துக்கொண்டு கை தட்டினேன்.

இப்படி இருக்கையில் அந்த இரட்டைக் குழந்தைகளின் அம்மா பெரியவளைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு எடை பார்க்க வந்தாள். பிள்ளை கன்னம் வைத்திருந்தது. தராசில் போட்டால் காலை உதைத்துக்கொண்டு ஊரையே கூட்டியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், வெட்கத்தை விட்டு அதன் உள்ளங்காலில் முத்தம் கொடுத்தேன். ஆனால் அம்மாக்காரி முகத்தில் உயிரில்லை. என்ன என்று அதட்டிக் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

பெரியவளைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சபையில் சேர்க்க வேண்டும் என்று ஃபாதரிடம் கேட்டிருக்கிறார்கள். யார் ஞானஸ்நானம் கொடுத்தது என்று அவர் விசாரித்திருக்கிறார். நான் எந்தச் சபை என்று தெரிந்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குழந்தைக்குக் கொடுப்பதே தவறு என்கிறவர் கொடுத்தால், அவர் மனதார அதைக் கொடுத்தார் என்று எப்படி எடுத்துக்கொள்வது? அவர்கள் முறைப்படி கொடுக்கிறவரின் எண்ணமும் சரியாக இருந்தால்தான் செல்லுமாம். அதனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இன்னொரு தரம் கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். புருஷன் வீட்டிலும் எல்லோரும் அதற்குத் தலையாட்டிவிட்டார்கள். இவள் ஒருத்தி மட்டும் மாட்டேன் என்று நிற்கிறாள். ஏன் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை, பிடிவாதக்காரி என்று பேர்.

"ஒருவேளை முதல்ல கொடுத்தது செல்லலைன்னா, இப்ப கொடுக்கறேன்னு சொல்லி ஊத்துவாங்களாம் சிஸ்டர். பெரியவளுக்கு இன்னொரு தரம் ஊத்திக்கலாம். சின்னவளுக்கு நான் எங்க போய் ஊத்துவேன்?"

எடை பார்க்கிற மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே கை, ஒரே தண்ணீர், ஒரே வார்த்தை. பெரியவளுக்குச் செல்லாது என்றால் சின்னவளுக்கும் செல்லாது. அந்த 'ஒருவேளை'யைப் பெரியவள் தலையில் ஊற்ற விட்டால், மண்ணுக்குள் இருக்கிறவளை வெறுங்கையோடு அனுப்பியதாக ஆகிவிடும் என்று இந்தப் பெண் பயப்படுகிறாள். அதையெல்லாம் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று ஃபாதர் சொன்னாராம். இவளும் ஒத்துக்கொண்டாளாம். ஆனால் தான் கேட்டு வாங்கிக் கொடுத்த ஒன்றே ஒன்று அதுதான், அதை இல்லை என்று சொல்லாதீர்கள் என்றாளாம்.

ஃபாதரைப் பார்க்க நானே வருகிறேன் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் ஒளிக்காமல் சொன்னேன். நானும் வருகிறேன் என்று கிளம்பினார். நீ போய் வாய்க்கு வந்ததைப் பேசி வைப்பாய், நான் இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்வாய் என்றார். அவர் மனதில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரியும். அது வெறும் ஆறுதல்தான் என்று நான் ஃபாதரிடம் சொல்லிவிட்டால் அந்தப் பக்கமும் முடியும், இந்தப் பக்கமும் முடியும். அவர்கள் இன்னொரு தரம் ஊற்றிக்கொள்வார்கள், நான் மறுபடி மேடை ஏறுவேன். எல்லோருக்கும் நல்லது, அந்த ஒருத்தியைத் தவிர.

அண்ணனுக்கும் அந்தக் கோயிலுக்கும் ஏற்கனவே ஏழாம் பொருத்தம். அங்கிருந்து சில குடும்பங்கள் எங்கள் சபைக்கு வந்துவிட்டன. எங்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார் என்று அவர்கள் சொல்வார்கள், ஆடு தானாகத்தான் வந்தது என்று இவர் சொல்வார். ஒரே தெருவில் இருந்துகொண்டு இத்தனை நாளாக அவர் அந்த வாசற்படி மிதித்ததில்லை. பூமியில் யாரையும் பிதா என்று கூப்பிடக் கூடாது என்பது அவர் கட்சி. அதனால் போன உடனே "வணக்கம் சார்" என்றார். ஃபாதர் சின்ன வயதுக்காரர், ஜலதோஷம் வேறு. "வாங்க பாஸ்டர்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அந்தப் பெண் குழந்தையோடு அண்ணன் நாற்காலிக்குப் பக்கத்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றான்.

ஃபாதர் ஒவ்வொன்றாகக் கேட்டார். தண்ணீர்தானா, அதில் மருந்து ஏதும் கலந்திருந்ததா? இல்லை. தோலில் பட்டு ஓடியதா? ஓடியது. என்ன வார்த்தை சொன்னேன்? அப்படியே சொல்லிக் காட்டினேன். அதுவரைக்கும் சரி என்று தலையாட்டினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கறது சரின்னு நீங்க நம்பறீங்களா சிஸ்டர்?"

"இல்ல ஃபாதர்."

மூலையில் அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். பெரியவள் சிணுங்கினாள். பொய் சொல்லியிருக்கலாமே என்று அந்தப் புருஷன் பார்வையாலேயே என்னைத் திட்டினான். பொய்யில் கட்டினால் அது நிற்காது தம்பி என்று எனக்கும் அவனுக்குப் பார்வையாலேயே சொல்லத் தெரிந்திருந்தால் தேவலை.

"அப்ப என்ன நினைச்சுக்கிட்டுச் செஞ்சீங்க?"

"இந்தப் பொண்ணு உங்க கோயில்ல கொடுக்கறதைக் கேட்டுச்சு. உங்க கோயில்ல என்ன கொடுப்பீங்களோ அதையே கொடுக்கணும்னு நினைச்சேன். அதைத்தான் கொடுத்தேன். குறைச்சும் கொடுக்கல, மாத்தியும் கொடுக்கல. ஆறுதலுக்குன்னா கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்."

ஃபாதர் யோசித்தார். கெட்டவர் இல்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். தன் சந்தேகத்தால் ஒரு தாய்க்கு வலிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அழுகிற தாய் முன்னால் நல்ல மனசுக்காரர்கள் எதையாவது செய்துவிடுவது உண்டு, பிறகு நினைத்துப் பார்த்தால் உள்ளே வேறாக இருந்திருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். கடைசியில் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"பாஸ்டர், உங்க சபையில இது ஞானஸ்நானம் கிடையாது. உங்க தங்கச்சி மனசுலயும் அது வெறும் தண்ணியாத்தானே இருந்திருக்கும்? நீங்க என்ன சொல்றீங்க?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் அண்ணனுக்கு வாய்க்காது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், என்னைப் பேச விடாமலே முடித்துவிடலாம். மடியில் இருந்த வேதாகமப் பையின் ஜிப்பை இழுத்தார், திரும்ப இழுத்தார். அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை, அழவில்லை. தீர்ப்பு சொல்லப் போகிறவரைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"சார், எங்க சபையில இது ஞானஸ்நானம் இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமையும் நான் அப்படித்தான் பிரசங்கம் பண்ணுவேன்," என்றார் அண்ணன். அவர் நிறுத்தவில்லை. "ஆனா நீங்க என் உபதேசத்தைக் கேக்கல. இவ மனசைக் கேக்கறீங்க. அது எனக்குத் தெரியும். பொறந்ததுலேருந்து பார்க்கறேன். ஒப்புக்கு ஒரு வேலை செய்ய இவளுக்கு வராது. பாத்திரம் கழுவச் சொன்னாக்கூட அடுப்பையும் சேர்த்துத் தேய்ச்சு வைப்பா. கொடுத்தேன்னு இவ சொன்னா, கொடுத்திருக்கா. நான் சாட்சி."

நான் அண்ணனைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் அங்கேயே ஒப்பாரி வைத்திருப்பேன். திரும்பிப் போய் மூப்பர்களிடம் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அது தெரிந்தே சொன்னார்.

ஃபாதர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார், அப்படியே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இன்னொரு தரம் ஊத்த எனக்கு உரிமை இல்லம்மா," என்றார் அவளிடம். "ஒரு தரம் கொடுத்தா கொடுத்ததுதான். ஞாயித்துக்கிழமை பாப்பாவைக் கொண்டு வாங்க. எண்ணெய் பூசி, வெள்ளைத் துணி போட்டுச் சபையில சேர்த்துக்குவோம். தண்ணி ஊத்தற சடங்கு கிடையாது. அது ரெண்டு பேருக்கும் ஆயிடுச்சு."

ரெண்டு பேருக்கும் என்று அவர் சொன்னதும் அவள் உடைந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் வராத அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. உடம்பு குலுங்கியதில் குழந்தை நழுவப் பார்த்தது. புருஷன் ஓடி வருவதற்குள் பக்கத்து நாற்காலியில் இருந்த ஆளின் மடியில் குழந்தையைப் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்து நாற்காலியில் இருந்தது என் அண்ணன்.

எங்கள் சபையில் குழந்தைகளை முழுக்குவதில்லையே தவிர, தூக்கிக்கொண்டு வருவார்கள். பாஸ்டர் கையில் வாங்கி, கர்த்தருக்கென்று ஒப்புக்கொடுத்து ஜெபிப்பார். அண்ணன் அப்படி ஜெபித்த பிள்ளைகளுக்குக் கணக்கே இல்லை. கைக்குழந்தை கையில் வந்தால் அவருக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். இப்போதும் மூடிக்கொண்டது. இருக்கிற இடம் எது, எதிரில் இருப்பவர் யார் என்று எதையும் யோசிக்காமல் மேடையில் ஜெபிக்கிற அதே குரலில் ஆரம்பித்துவிட்டார். சுவரில் மாதா படம், கீழே அண்ணனின் கணீர் குரல். ஃபாதர் ஒரு நிமிஷம் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நிறுத்த முடியாது என்று நான் தலையை அசைத்தேன். அவரும் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டார்.

பெரியவளை ஆசீர்வதித்து, தாயை, தகப்பனை, வீட்டை எல்லாம் ஆசீர்வதித்துக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். செத்தவர்களுக்காக எங்கள் சபையில் ஜெபிப்பதில்லை. நன்றி சொல்ல மட்டும் தடை கிடையாது. கண்ணைத் திறக்காமலே அவள் பக்கம் தலையைச் சாய்த்தார்.

"சின்னவ பேரு என்னம்மா?"

அடக்கம் முடிந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். முந்தானையை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அண்ணன் அந்தப் பெயரை அவள் சொன்ன மாதிரியே திருப்பிச் சொன்னார். பிதாவே, இவளையும் நீர் எங்களுக்குக் கொடுத்தீர், நீரே வாங்கிக்கொண்டீர், இரண்டு பேருக்காகவும் உமக்கு ஸ்தோத்திரம் என்றார்.

ஃபாதர்தான் முதலில் ஆமென் என்றார்.